அடினியம் அடித்தண்டு அமுங்குது, கலஞ்சோ பூக்கமாட்டீங்குது: காப்பாத்த வழி சொல்லுங்க

பல்லடம்_மொட்டைமாடி:

வணக்கமுங்க. மொட்டை மாடியில தொட்டிச் செடி வெச்சிருக்கறோம். ஐப்பசி அடைமழை விட்டதுக்கப்புறம் சதைப்பற்றுச் செடிக ஒண்ணொண்ணா சுணங்கி வருது. விவரம் இதுதானுங்க.

அடினியம்: 10 அங்குல கருப்பு பிளாஸ்டிக் தொட்டி, அடியில தட்டு. கலவையில பாதி தேங்காய் நார்க்கழிவு, மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். ஒரு செடியில அடிக்கிழங்கு ஒரு பக்கம் மட்டும் அமுக்குனா உள்ள போகுது, தோல் பழுப்பாயிருச்சு. இன்னொண்ணுல கிழங்கு முழுக்க லேசா தளந்து கெடக்குது, ஆனா நிறம் மாறலை. ரெண்டுலயும் இலை மஞ்சளாகிக் கொட்டிருச்சு.

கலஞ்சோ: போன தை மாசம் பூவோட வாங்குனது. இலை நல்லா செழும்பா இருக்குது, மொட்டு ஒண்ணுகூட இல்லீங்க. பால்கனியில டியூப்லைட்டுக்குக் கீழ இருக்குது.

எச்செவேரியா: ஊட்டியில வாங்குனது. அடி இலைக கண்ணாடியாட்டம் ஆகி, தொட்டாலே உதிருது.

ஊத்தறது போர் தண்ணி. தொட்டி ஓரத்துல வெள்ளையா படியுது. இதுல எது பொழைக்கும், எதுக்கு என்ன செய்யோணும்?

நொய்யல்கரை:

ரெண்டு அடினியத்துக்கும் ஒரே கோளாறுன்னு நெனச்சுறாதீங்க. ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, தோல் நிறம் மாறியிருந்தா அது அழுகல். கிழங்கு முழுக்க ஒரே சீரா தளந்து, நிறம் அப்படியே இருந்தா அது தண்ணித் தட்டுப்பாடு. மழையில நனஞ்ச செடிக்குத் தண்ணித் தட்டுப்பாடு எப்படி வரும்னா, உறிஞ்சற வேர் போயிருக்கும். தொட்டியில ஈரம் இருக்கும், அது மேல ஏறாது. இந்த நேரத்துல செடி வாடுதேன்னு இன்னும் ஊத்தறதுதான் நெறைய அடினியத்தை முடிச்சுவிடுது. அதனால ரெண்டையுமே இன்னைக்கே பிடுங்கிப் பாருங்க.

பிடுங்கறதுக்கு முன்ன, கிழங்கோட மேக்குப் பக்கம் எதுன்னு ஒரு மார்க்கர்ல கோடு போட்டு வெச்சுக்கோங்க. ஏன்னு பின்னால சொல்றேன்.

மண்ணை உதறிட்டு வேரைத் தண்ணியில அலசுங்க. நல்ல வேர் விரலுக்குக் கெட்டியா, கிள்ளுனா உள்ள வெள்ளையா இருக்கும். செத்த வேரை இழுத்தா மேல்தோல் உறையாட்டம் கழண்டு, நடுவுல நூல் மட்டும் மிஞ்சும். ரெண்டாவது செடியில கிழங்கு சுத்தமா இருந்து வேர் மட்டும் போயிருந்தா, செத்த வேரை நறுக்கிட்டு, நெழல்ல ஒரு வாரம் காயவெச்சு நட்டாப் போதும்.

மொதல் செடிக்கு அறுக்கத்தான் வேணும். அடினியம் அரளிக் குடும்பம், பால் விஷமுங்க. ஆப்பிரிக்காவுல இதை அம்பு நுனியில தடவுற வழக்கம் இருந்திருக்குது. கையுறை போட்டுக்கோங்க, கண்ணுப் பக்கம் கை கொண்டு போகாதீங்க, குழந்தைகளையும் ஆடு மாட்டையும் தள்ளி வெய்யுங்க. காகிதம் வெட்டற பிளேடு கத்தி போதும். சானிடைசர்லயோ ஸ்பிரிட்லயோ தொடச்சுட்டு ஆரம்பிங்க.

அழுகுன எடத்தைக் கரண்டியில சொரண்டற மாதிரி எடுக்காதீங்க, தட்டையா சீவுங்க. ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் திரும்பத் தொடைக்கணும். இல்லாட்டி அழுகலை நாமளே நல்ல சதைக்கு மாத்தி விடறோம். வெட்டுன பரப்பு முழுக்க மங்கல் வெள்ளையா வர்ற வரைக்கும் போகணும். மிளகளவு பழுப்புப் புள்ளி விட்டாலும் அது பத்து நாள்ல மேல ஏறிரும். நாத்தமும் கொழகொழப்பும் இருந்தா பாக்டீரியா அழுகல், அதுல இன்னும் ஒரு அங்குலம் நல்ல சதையையும் சேத்து எடுத்தர்றது நல்லது.

வெட்டு முடிஞ்சதும் மிச்சம் இருக்கற இலையெல்லாம் கிள்ளிருங்க, வேர் இல்லாத செடிக்கு இலை செலவு. பூஞ்சாணக்கொல்லியைக் கொஞ்சம் தண்ணியில கொழச்சு வெட்டுல பூசி, தலைகீழா நெழல்ல, காத்து வர்ற எடத்துல கட்டித் தொங்க விடுங்க. பங்குனி சித்திரையா இருந்தா ஒரு வாரத்துல காய்ஞ்சிரும். இப்ப ஐப்பசி ஈரக்காத்துக்கு 10 முதல் 15 நாள் ஆகும். வெட்டுப் பரப்பு தோலாட்டம் கெட்டியாகி, நகத்துல தட்டுனா டொக்குன்னு கேக்கணும். அதுவரைக்கும் கிழங்கு சுருங்குனா பயப்படாதீங்க.

நடறப்ப உரம் எதுவும் கலக்காத கலவை, 6 அல்லது 8 அங்குல மண் தொட்டி. வெட்டுப் பரப்பு ஒரு சென்டிமீட்டர் உள்ள இருந்தா போதும், ஆழமாப் புதைக்காதீங்க. ஆடாம இருக்க ரெண்டு குச்சி ஊனிக் கட்டுங்க. ஆடுனா புதுவேர் அறுந்துரும். ஒரு வாரம் தண்ணி வேண்டாம். அப்புறம் ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி. அடுத்த தண்ணி துளிர் தெரிஞ்ச பிறகுதான்.

சல்லடை:

அறுவை சிகிச்சை சரியாக அமைந்தாலும், பழைய கலவையிலேயே திரும்ப நட்டால் அடுத்த மழையில் அதே கதைதான். பாதிக்குப் பாதி நார்க்கழிவு அடினியத்துக்கு ஆகாது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைப்பதால் எல்லாத் தொட்டியிலும் அதைப் போடுகிறோம். மழைக்காலத்தில், அதுவும் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில், அது வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. சித்திரையில் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளே வாங்காது; ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே வந்துவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். இரண்டு காலத்திலும் கேடு.

நான் சொல்லும் கலவை, ஒரே டப்பாவால் அளந்தது:
6 மி.மீ. ஜல்லிச் சில்லு அல்லது உடைத்த செங்கல்: 2 பங்கு
சலித்த எம்-சாண்ட்: 1 பங்கு
செம்மண்: 1 பங்கு
நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம்: 1 பங்கு
கருக்கிய நெல் உமி: அரைப் பங்கு

10 அங்குலத் தொட்டிக்குச் சுமார் 8 லிட்டர் கலவை பிடிக்கும். இதில் வேப்பம் புண்ணாக்கு 50 கிராம், எலும்புத்தூள் 30 கிராம் போதும். வெட்டிக் காப்பாற்றிய செடிக்கு மட்டும் தொழு உரம், புண்ணாக்கு, எலும்புத்தூள் மூன்றையும் விட்டுவிட்டு, சில்லும் உமியும் எம்-சாண்டும் சம பங்கு போடுங்கள்.

பொருள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள், பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம். அது மாவு போல நைஸாக இருந்து இடுக்கெல்லாம் அடைத்துவிடும். எம்-சாண்டையும் கொசுவலை வைத்துச் சலித்து, கீழே விழும் தூளை ஒதுக்கிவிட்டு மேலே நிற்பதைக் கழுவி எடுங்கள். செங்கல் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். வேகாத கல் ஒரே மழையில் கரைந்து சேறாகும். உடைத்த துண்டை ஒரு இரவு தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கோயமுத்தூர்ப் பக்கம் பவுண்டரிக் (இரும்பு வார்ப்பு ஆலை) கழிவு மணல் சும்மாவே கிடைக்கும், அதைத் தொடாதீர்கள். அச்சுக்காகச் சேர்த்த களிமண்ணும் பசைப் பொருளும் அதில் கலந்திருக்கும். பல்லடம் சுற்று வட்டாரத்தில் கரிசல் மண் உள்ள காடுகள் உண்டு. அந்த மண் தொட்டிக்கு உதவாது, நனைந்தால் இறுகும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும்.

தொட்டியின் அடியில் ஜல்லி அடுக்கு போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வடிகாலைக் கூட்டாது. நைஸான கலவையிலிருந்து பருமனான ஜல்லிக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேல் அடுக்கு முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆக, எப்போதும் ஈரமாக நிற்கும் பகுதி அடியில் இருப்பதற்குப் பதில் வேர் இருக்கும் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஜல்லியை அடியில் போடாமல் கலவை முழுவதும் கலந்துவிடுங்கள். துளை மேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

துளையும் பாருங்கள். கடையில் வரும் 10 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் சில சமயம் துளை குத்தாமல் குறி மட்டும் இருக்கும். 10 மி.மீ. அளவில் ஐந்து துளையாவது வேண்டும். அடித்தட்டை எடுத்துவிட்டு, மூன்று ஓட்டுத் துண்டுகளின் மேல் தொட்டியை நிறுத்துங்கள்.

கலவை சரியா என்று பார்க்க: ஒரு முறை நன்றாக நனைத்து வைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். மேலே குளம் போல நிற்காமல் ஓரிரு நொடியில் இறங்கி, அரை நிமிடத்துக்குள் அடியில் வர வேண்டும். நின்றால் இன்னும் சில்லு சேர்க்க வேண்டும்.

ஆடிக்காத்து_உடுமலை:

சல்லடை சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சேக்கறேனுங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடியில அடிக்கற காத்து பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் மாடியில இருக்கற தொட்டியை ஒரே நாள்ல காயவெச்சிரும். அந்தக் காத்துக்குத்தான இத்தனை மின்சாரக் காத்தாடி நிக்குது. வெளியூர் வீடியோ பாத்து வெறும் கல்லும், பெர்லைட்னு சொல்ற லேசான பொரிகல்லுமா கலக்குனா இங்க தெனமும் தண்ணி ஊத்தியாகணும், தொட்டியும் கனமில்லாம சாஞ்சு கெளை முறிஞ்சிரும். அதனால அந்த ஒரு பங்கு செம்மண்ணைக் கொறைக்காதீங்க. மாடியில மேக்குப் பாத்த எடமா இருந்தா அகலமான மண் தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ வெய்யுங்க.

ஒரே கலவைக்கு வருசம் பூரா ஒரே தண்ணிக் கணக்கு வெக்க முடியாது. ஆடியில ரெண்டு நாளைக்கு ஒருக்கா வேணும். ஐப்பசி கார்த்திகையில வானமே ஊத்திரும். நம்ம பக்கம் வருச மழையில பாதிக்குக் கிட்ட இந்த நேரத்துல வருது. அந்த ரெண்டு மாசம் அடினியத்தைத் தகரக் கூரைக்கோ சன்ஷேடுக்கோ கீழ தள்ளி வெச்சா பாதிப் பிரச்னை வராது. தெனமும் பெரட்டித் தூக்க முடியாதவங்க, தொட்டியை ஒரு பக்கம் சாச்சு வெச்சாக்கூட தண்ணி நிக்காம வழிஞ்சிரும். மார்கழியில பனி இருக்கறதுனால 10 நாளைக்கு ஒருக்கா போதும்.

எப்ப ஊத்தறதுன்னு கொழப்பமா இருந்தா, ஒரு ஈர்க்குச்சியை அடிவரைக்கும் குத்திப் பத்து நிமிஷம் விட்டு எடுங்க. குச்சியில மண்ணு ஒட்டுனா தண்ணி வேண்டாம்.

பல்லடம்_மொட்டைமாடி:

ரொம்ப நன்றிங்க. பிடுங்கிப் பாத்தாச்சு. ரெண்டாவது செடியில நொய்யல்கரை அண்ணா சொன்ன மாதிரியே வேர்தான் போயிருக்குது, கிழங்கு சுத்தம். மொதல் செடியில மூணு அங்குலம் சீவியும் நடுவுல பழுப்பு வளையம் இருந்துட்டே இருக்குதுங்க, ஒட்டுக்கட்டுன எடம் கிட்ட வந்தாச்சு. மேல கெளை மட்டும் பச்சையா நல்லா இருக்குது. பக்கத்துல மஞ்சத்தூள் பூசுனா போதும்கறாங்க, கடையில ஒரு மருந்து குடுத்தாங்க. எதை நம்பறது? அப்புறம் ரெண்டாவது செடி வேர்ல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்குது, அது என்னங்க?

நொய்யல்கரை:

நடுவளையம் ஒட்டைத் தொட்டுருச்சுன்னா கிழங்கை விட்டுருங்க, கெளையைக் காப்பாத்தலாம். விரல் தடிமன் இருக்கற கெளையை 6 அங்குலம் வெட்டி, வெட்டுவாய்ல பழுப்பு இல்லைன்னு பாத்துக்கோங்க. இலையை எடுத்துட்டு நெழல்ல ஒரு வாரம் காயவெச்சு, கழுவுன எம்-சாண்டும் கருக்குன உமியும் கலந்து நடுங்க. இப்படி வேர் விட்ட செடியில வெதைச் செடியாட்டம் உருண்டைக் கிழங்கு வராது, ஆனா அதே பூ கிடைக்கும்.

கிழங்கும் வேணும்னா ஒட்டுக் கட்டணும். வெதையில வந்த, பென்சில் தடிமன் தாண்டுன நாத்து ஒண்ணு வாங்குங்க. அதோட தலையைத் தட்டையா வெட்டி, நடுவுல ஒரு அங்குல ஆழத்துக்குப் பிளவு போட்டு, ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவுன கெளைத்துண்டைச் சொருகுங்க. ஒரு பக்கத் தோலாவது தோலோட ஒட்டி நிக்கணும். பாலிதீன் நாடால இறுக்கிச் சுத்தி, மேல ஒரு சின்னக் கவர் மூடி, நெழல்ல மூணு வாரம். இதை ஈரக்காத்து போன பிறகு, மாசி பங்குனியில செய்யறது நல்லது. அதனால இப்ப கெளையை வேர் விட வெச்சு உசுரைப் புடிச்சு வெச்சுக்கோங்க. ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரைப் பாத்த ஒடனே கிள்ளிருங்க, விட்டா நாத்தோட சொந்தப் பூதான் வரும், ஒட்டு பட்டுப்போயிரும்.

மஞ்சளைப் பத்தி: சுத்தமா வெட்டி, நல்லாக் காய வெச்ச பரப்புக்கு மஞ்சளோ அடுப்புக்கரித் தூளோ போதும், ஈரத்தை இழுக்கும். அழுகல் மிச்சம் இருந்தா மஞ்சளும் நிறுத்தாது, மருந்தும் நிறுத்தாது. கத்திதான் வைத்தியம்.

சல்லடை:

கடையில் கொடுத்தது சாஃப் என்ற பெயரில் விற்கும் பூஞ்சாணக்கொல்லி என்றால் அதில் கார்பென்டாசிம் 12 சதவீதமும் மான்கோசெப் 63 சதவீதமும் இருக்கும். லிட்டருக்கு 2 கிராம். ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது: தண்ணீர் தேங்கிய தொட்டியில் வரும் வேரழுகலுக்குப் பெரும்பாலும் பித்தியம், பைட்டோப்தோரா என்னும் பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர் வகைகள் காரணம். கார்பென்டாசிம் அவற்றின் மேல் வேலை செய்யாது, மான்கோசெப் மேற்பரப்பில் மட்டும் காக்கும். அதற்கு மெட்டலாக்சில் சேர்ந்த மருந்து, லிட்டருக்கு 2 கிராம் சரியாக இருக்கும். பாக்டீரியா அழுகலுக்கு இரண்டும் பயன்படாது; காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் ஓரளவு தடுக்கும். மருந்துக்குத் தனி டப்பா, தனி ஸ்பூன், கையுறை, மூக்குமூடி வேண்டும்.

வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் வருமுன் காக்க நல்லவை. புதுக் கலவையில் கொஞ்சம் தொழு உரத்தோடு கலந்து வைக்கலாம். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றிய தொட்டியில் உடனே இவற்றைப் போட்டால் உயிரியும் செத்துவிடும், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

தை_மொட்டு:

கலஞ்சோவுக்கு வாறேன். உங்க செடிக்கு ஒரு நோயும் இல்லீங்க, ராத்திரிதான் பத்தலை. நீண்ட இருட்டு கிடைச்சாத்தான் அது மொட்டு வெக்கும். பகல் நீளம் 12 மணி நேரத்துக்குக் கீழ எறங்கணும். நம்ம பக்கம் மார்கழியில பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஆனியில ஏறத்தாழ 12 மணி 45 நிமிஷம். அதாவது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் தானாவே பூக்கறதுக்கான காலம். ஆனா டியூப்லைட் பத்து மணிவரைக்கும் எரிஞ்சா, செடிக்கு அது ஆனி மாசம்தான். தெருவிளக்கு நேரா விழுந்தாலும் இதே கதை.

எளிய வழி, விளக்கு வெளிச்சமே படாத பக்கம் மாத்தி வெக்கறது. இன்னும் உறுதியா வேணும்னா அட்டைப்பெட்டி. சாயங்காலம் 6 மணிக்குக் கவுத்து மூடி, காலையில 8 மணிக்கு எடுத்துருங்க. 14 மணி நேர இருட்டு. வெளிச்சம் எங்கயும் கசியக்கூடாது. ராத்திரி நடுவுல செல்போன் டார்ச் அடிச்சுப் பாக்கறதும் வேண்டாம். கருப்பு பிளாஸ்டிக் கவரால மூடாதீங்க, உள்ள சூடாகி மொட்டு தள்ளிப் போகும். இப்படி 6 வாரம் விடாம செஞ்சா நுனியில பச்சை மிளகு மாதிரி மொட்டுக் கொத்து தெரியும். அதுக்கப்புறம் மூட வேண்டியதில்லை. பூ விரிய இன்னும் 6 முதல் 8 வாரம். இப்ப ஆரம்பிச்சா தை கடைசி, மாசியில பூ.

பகல்ல நல்ல வெளிச்சம் வேணும், காலை வெய்யல் மூணு மணி நேரமாவது. இருட்டு மட்டும் குடுத்து பகலும் நெழல்ல வெச்சா கொத்து சிறுத்துப் போயிரும். இந்த ஆறு வாரம் தழைச்சத்து அதிகமா இருக்கற உரத்தை நிறுத்திட்டு, சாம்பல் சத்து கூடுன 13:0:45 உரம் லிட்டருக்கு 1 கிராம், 15 நாளைக்கு ஒருக்கா குடுங்க. மொட்டு வந்த பின்ன இடம் மாத்தாதீங்க.

பூ முடிஞ்சதும் காம்பை ரெண்டு ஜோடி இலை விட்டு வெட்டிருங்க. வெட்டுன நுனியில மூணு அங்குலத் துண்டை ரெண்டு நாள் காயவெச்சு நட்டா புதுச் செடி. பழைய செடி ரெண்டு வருசத்துல அடி மொட்டையாகிரும், அதுக்குள்ள வாரிசு தயாரா இருக்கோணும். சித்திரை வெய்யல் நேரா படவேண்டாம். கலஞ்சோவும் ரணகள்ளியும் ஆடு மாட்டுக்கு விஷம், வெட்டுனதைத் தொழுவத்துப் பக்கம் போட்டுறாதீங்க.

ஆடிக்காத்து_உடுமலை:

எச்செவேரியா மெக்சிகோ மேட்டு நெலத்துச் செடி, ராத்திரிக் குளுர் கேக்கும். ஊட்டியில அது கெடைக்குது, இங்க சித்திரையில ராத்திரியும் சூடு எறங்காது. கண்ணாடி இலை வந்தா தண்ணி அதிகம்னு அர்த்தம். தண்டைப் பாருங்க. கருத்திருந்தா, கருப்பு மறைஞ்சு வெளிர்பச்சை தெரியற எடத்துல வெட்டி, ஒரு அங்குலத் தண்டோட ரோஜா மாதிரி இருக்கற தலையை மட்டும் எடுத்து, 5 நாள் காயவெச்சு 4 அங்குல மண் தொட்டியில நடுங்க. கெட்டியான இலைகளைப் பக்கவாட்டுல அசைச்சு முழுசா கழட்டி, காஞ்ச எம்-சாண்ட் மேல பரப்பி வெச்சா கார்த்திகையிலிருந்து தைக்குள்ள குட்டி விடும். காம்போட அடி கிழிஞ்ச இலை குட்டி விடாது. கெழக்குப் பக்கம், 50 சதவீத நெழல்வலைக்குக் கீழ வெய்யுங்க. அப்படியும் வைகாசியைத் தாண்டறது கஷ்டந்தான், நெறையக் காசு போட்டு வாங்காதீங்க.

கிளுவை_வேலி:

சமவெளியில பூ வேணும்னா யூபோர்பியா மிலியை வெய்யுங்க. முள்ளு இருக்கும், ஆனா உப்புத் தண்ணிக்கும் ஆடிக்காத்துக்கும் சித்திரை வெய்யலுக்கும் அசையாது, வருசத்துல பெரும்பகுதி பூ இருக்கும். 4 அங்குலக் கெளை வெட்டி, பால் நிக்கற வரைக்கும் தண்ணியில முக்கி, நாலு நாள் காயவெச்சு நட்டாப் போதும். பால் கண்ணுல பட்டா ஆபத்து, கண்ணாடி போட்டுட்டு வெட்டுங்க. இலை முழுக்க மஞ்சளாகிக் கொட்டுனா தண்ணியைக் கொறைங்க, தண்டு கெட்டியா இருந்தா திரும்பத் துளிர்க்கும். பத்துமணிப்பூ இன்னும் சுலபம், அதுக்கு நீங்க மேல சொன்ன நார்க்கழிவுக் கலவையைப் புதுசாக் கலந்தாலே போதும், ஆறு மணி நேர வெய்யல் மட்டும் குடுங்க.

நம்ம மண்ணுச் செடி ஒண்ணு இருக்குது, கள்ளிமுளையான். காங்கயம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் காடு) வேலியோரம், பாறைக்காட்டுப் புதர் நெழல்ல தானா வர்றது. பச்சை விரலாட்டம் தண்டு, நுனியில சின்ன ஊதாப் பூ. பூ ஈயை இழுக்கறதுனால வாசம் நல்லா இருக்காது, சன்னல் பக்கத்துல வெக்காம மாடி மூலையில வெய்யுங்க. காட்டுல இருந்து பிடுங்காதீங்க. மேய்ச்சல் நெலம் சுருங்கச் சுருங்க அதுக்கு எடமே கொறஞ்சு வருது. வளக்கறவங்ககிட்ட ஒரு தண்டு வாங்குனா, ரெண்டு நாள் காயவெச்சுப் படுக்க வெச்சாலே வேர் விட்டுரும்.

சல்லடை:

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளைப் படிவு சுண்ணாம்பு, உப்பு. வேர் உள்ள இடத்திலும் அதேதான் சேர்ந்துகொண்டிருக்கிறது. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சளாக மாறினால் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். கார உப்புள்ள தண்ணீருக்கு ஈ.டி.டி.ஏ (EDTA) வகை இரும்பு உரம் நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். அதைவிட முதலில் உப்பை வெளியேற்றுவது முக்கியம். மாதம் ஒருமுறை, வெயில் உள்ள நாளில், 8 லிட்டர் தொட்டிக்கு 16 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். மழைத்தண்ணீர் மிகச் சிறந்தது, டிரம்மில் பிடித்து மூடி வைக்கலாம். சிறுவாணித் தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். வேறு தண்ணீரே இல்லையென்றால் லிட்டருக்குக் கால் கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, பி.எச். தாளில் 6.5 பக்கம் வருகிறதா என்று பார்த்து ஊற்றலாம்.

நொய்யல்கரை:

வேர்ல இருக்கற பஞ்சு, வேர் மாவுப்பூச்சி. தொட்டி உள்சுவர்லயும் இருக்கும். எறும்பு தொட்டிக்குள்ள போய்ட்டு வந்துட்டு இருந்தா அதுதான் தூக்கிட்டு வருது; எறும்பை நிறுத்தாம பூச்சி போகாது. பழைய மண்ணை வேற தொட்டிக்குப் போடாதீங்க. தொட்டியைச் சோப்புத் தண்ணியில தேச்சுக் கழுவி வெய்யல்ல ரெண்டு நாள் கவுத்து வெய்யுங்க. வேரைப் பீச்சுற தண்ணியில நல்லா அடிச்சுக் கழுவிட்டு, 5 மில்லி வேப்பெண்ணெயோட 2 மில்லி காதி சோப்புக் கரைசலைக் கொழச்சு, ஒரு லிட்டர் தண்ணியில கலந்து கால் மணி நேரம் ஊற வெய்யுங்க. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப வந்தா மட்டும் இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். பூச்சிமருந்து, லிட்டருக்கு 0.3 மில்லி, வேருக்கு மட்டும். அது தேனீக்கு விஷம். அதனால மொட்டோ பூவோ இருந்தா கிள்ளிட்டுத்தான் ஊத்தணும்.

மார்க்கர்ல கோடு போடச் சொன்னது இதுக்குத்தான்: திரும்ப நடறப்ப அந்தப் பக்கமே மேக்கப் பாத்து நிக்கட்டும். வெய்யலே படாத பக்கம் திடீர்னு மேக்கு வெய்யலைப் பாத்தா கிழங்குத் தோல் வெந்து, அந்த எடத்துலயே அடுத்த அழுகல் ஆரம்பிக்கும். துளிர் வந்த பிறகும் மொதல் வாரம் காலை ஒன்பது மணி வரைக்கும் வெய்யல், அடுத்த வாரம் பதினொண்ணு வரைக்கும், மூணாவது வாரம்தான் முழு வெய்யல். எட்டு இலை விட்ட பின்ன, தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கற 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், 15 நாளைக்கு ஒருக்கா. மாசியில கெளை நுனியை மூணுல ஒரு பங்கு வெட்டி விட்டா, புதுத் துளிர்லதான் பூ வெக்கும்கறதுனால சித்திரையில கொத்தா பூக்கும். ஆனா வேர் போன அந்த ரெண்டாவது செடியை இந்த மாசி வெட்ட வேண்டாம், அடுத்த வருசம் வெட்டிக்கலாம்.